மூச்சு முட்டும் கேள்விகள்

கே: டெல்லியில் மூச்சுவிடவே முடியவில்லை என்கிறார்கள். நமக்குத்தான் கடல் இருக்கிறதே, ஏன் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்?
(வாசகர், குரோம்பேட்டை)

ப: கடல் நமக்குப் பெரிய கொடுப்பினைதான். ஆனால் அது பகல் ஷிப்ட் மட்டும் பார்க்கிறது. மதியம் கடற்காற்று கிளம்பிப் புகையைக் கலைக்கும். கடலோரத் திருவான்மியூருக்கு வரும் நேரத்துக்கு அது தாம்பரத்துக்கு வராது. முடிச்சூருக்கு இன்னும் தாமதம். வரும்போது நகரத்துப் புகையில் ஒரு பங்கையும் நம் தாம்பரம் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். இரவில் ஓய்ந்துவிடும். மார்கழி, தையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, அதன்மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல் அமர்ந்துகொள்கிறது. அப்போது கீழே எழும் புகைக்கு மேலே போக வழியில்லை. விடியற்காலைப் பனியோடு கலந்து நம் மூக்கின் உயரத்திலேயே நிற்கிறது.

இன்னொன்று. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். அதனால் மூக்கில் நிற்காது, நுரையீரலின் அடிவரை போகும். ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 5. டெல்லியைவிட நாம் பரவாயில்லை என்ற சமாதானம் நம் வாய்க்குத்தான் தெரியும், நுரையீரலுக்குத் தெரியாது.

கே: போகிக்கு நாலு பழைய பொருளை எரிப்பதும் குற்றமா? தாத்தா காலத்திலிருந்து செய்கிறோமே!
(குடும்பத் தலைவி, மேடவாக்கம்)

ப: தாத்தா எரித்தது கோரைப் பாய், பழைய ஓலை, தேய்ந்த விளக்குமாறு. நாம் எரிப்பது டயர், டியூப், ரெக்ஸின் பை, உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. டயரிலிருந்து கந்தகப் புகையும் கரியும் வரும், பி.வி.சி. எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உருவாகும். 2018 ஜனவரி 13, போகியன்று, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இன்னும் பல மணிக்கணக்கில் தாமதமாயின. விமானத்தையே திருப்பி அனுப்பிய புகையை அன்று பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் கைக்குழந்தைகள் சுவாசித்தன. அவர்களைத் திருப்பிவிட வேறு ஊர் ஏது?

போகியை விடச் சொல்லவில்லை, அம்மா. வீட்டைக் கழுவுங்கள், காப்புக் கட்டுங்கள், பிள்ளைகள் விடிய விடிய மேளம் அடிக்கட்டும். பழையதைக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

கே: எங்கள் தெருமுனையில் தினமும் காலையில் குப்பையைக் கொளுத்துகிறார்கள். சின்ன நெருப்புதானே என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
(வாசகர், செம்பாக்கம்)

ப: போகி ஒரு நாள். உங்கள் தெருமுனை வருஷத்தில் 365 நாள். நம் பக்கத்துக் காற்றைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் பேசலாம் என்றால் இதைத்தான் பேசுவேன்.

அந்தக் குவியலைக் குனிந்து பாருங்கள். மேலே பாதாம் மரத்துச் சருகு. அடியில் பால் கவர், ஷாம்பு பாக்கெட், சாம்பார் கட்டிவந்த பிளாஸ்டிக் பை, தெர்மாகோல், குழந்தையின் டயப்பர். சருகு பத்து நிமிடத்தில் எரிந்துவிடும். அடியில் இருப்பது ஈரம். தீப்பிடிக்காமல் மதியம் வரை கனன்று புகையும். கொழுந்துவிட்டு எரிவதைவிடக் கனலும் நெருப்புதான் அதிகத் துகளைக் கக்கும். தொழிற்சாலைப் புகைக்காவது உயரமான குழாய் உண்டு. இது முழங்கால் உயரத்தில் கிளம்பி, பள்ளி வேனுக்கு நிற்கும் குழந்தையின் முகத்துக்கு நேராகப் போகிறது. இதையா சின்ன நெருப்பு என்பது?

2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்றது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் தூய்மைப் பணியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வண்டி வராத நாளில் குவிந்ததை அவர் எங்கே தூக்கிக்கொண்டு போவார்? அந்தப் புகையை முதலில் குடிப்பவரும் அவர்தான். கேட்க வேண்டிய இடம் வார்டு அலுவலகம். ஈரக் குப்பையும் உலர்ந்த குப்பையும் பிரித்துக் கொடுக்க வேண்டியது நாம்.

கே: ஆனால் செயலியில் காற்றின் தரம் ‘திருப்திகரம்’ என்று காட்டுகிறதே?
(கல்லூரி மாணவர், சேலையூர்)

ப: தம்பி, அந்தக் கருவி இருப்பது ஆலந்தூரிலோ வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ. உங்கள் தெருமுனையின் நெடி அதற்கு எட்டாது. நுண்துகளுக்கான குறியீடும் 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுவது. காலை இரண்டு மணி நேரம் ஊரே புகைந்தாலும் சராசரியில் கரைந்துபோகும். நம் நுரையீரல் சராசரி பார்த்து மூச்சுவிடுவதில்லை.

கே: பெருங்குடி குப்பை மேடு மறுபடி எரியுமா?
(வாசகர், துரைப்பாக்கம்)

ப: 2022 ஏப்ரல் கடைசியில் பற்றிய தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. மக்கும் குப்பை காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வாயு வரும். கோடையில் ஒரு பொறி போதும். அதுவும் எங்கே? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மடியில். உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் பட்டியலில் அந்தச் சதுப்பு நிலம் சேர்ந்ததும் அதே 2022-ல்தான். பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து மண், கல், பிளாஸ்டிக் என்று பிரிக்கும் பயோமைனிங் அங்கும் தாம்பரம் கன்னடபாளையத்திலும் நடந்திருக்கிறது. நல்ல வேலை. ஆனால் பிரிக்காத குப்பையைப் புதிதாகக் கொட்டிக்கொண்டே பழையதைச் சலித்தால் மேடு குறையாது.

கே: நுரையீரல் தூசியை வெல்லம் கரைக்குமாமே?
(வாசகி, பம்மல்)

ப: வெல்லம் வயிற்றுக்குப் போகிறது, தூசி நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை.

கே: ஜன்னல் கம்பியைக் காலையில் துடைத்தால் மாலையில் மறுபடி வெண்தூசி. எங்கிருந்து வருகிறது?
(வாசகி, திருநீர்மலை)

ப: பல்லாவரம், திரிசூலம் மலைகளின் கருங்கல்லை வெட்டியே பாதிச் சென்னை எழுந்தது. இன்று எருமையூர்ப் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் தார்ப்பாய் மூடாமல் ஓடுகின்றன. சிந்தியதைப் பின்னால் வரும் சக்கரங்கள் மாவாக அரைக்கின்றன. கிரஷரில் தண்ணீர் தெளிப்பு, லாரிக்குத் தார்ப்பாய், தோண்டிய சாலையை உடனே மூடுவது: மூன்றும் செலவு குறைந்தவை, மூன்றுமே நடப்பதில்லை. உங்கள் ஜன்னலுக்கு வருவது மிச்சம்தான். கிரஷரில் நிற்கும் தொழிலாளிக்கு அதே கல்தூள் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தருகிறது; அதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது.

கே: தாம்பரத்துக் காற்றே மருந்து என்பார் என் தாத்தா. உண்மையா?
(வாசகர், கிழக்குத் தாம்பரம்)

ப: தாத்தா காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928-ல் இங்கே காசநோய் சானடோரியம் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலையில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணிதமேதை ராமானுஜன் 1917-ல் சிகிச்சை பெற்றார். காசநோயைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை சிகிச்சை என்றால் சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு. அப்படிக் காற்றுக்காகத் தேர்ந்தெடுத்த இடம் இது. அந்தச் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ஜி.எஸ்.டி. ரோட்டின் டீசல் புகையில் நீந்தித்தான் நோயாளி அங்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தச் சாலையின் புகையைக் குறைக்க வழி இல்லாமலில்லை. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 1931-லேயே மின்சார ரயில் ஓடிய ஊர் நாம். ரயில் நிலையத்துக்கு வந்து சேர ஒழுங்கான மினி பஸ்ஸும் நடைபாதையும் கொடுத்தாலே பாதி பைக்குகள் வீட்டிலேயே நிற்கும்.

கே: ஏழு வயது மகனுக்கு அடிக்கடி வீசிங். ஜன்னலை அடைத்துக் கொசுவத்தி ஏற்றிப் படுக்க வைக்கிறேன். வேறென்ன செய்யலாம்?
(ஒரு தாய், சிட்லபாக்கம்)

ப: முதலில் அந்தச் சுருளை அணையுங்கள். ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. அதையும் ஏற்றி ஜன்னலையும் அடைத்தால் பிள்ளை என்ன செய்வான்? கொசுவலை கட்டுங்கள். பனிக்காலத்தில் விடியற்காலை விளையாட்டு வேண்டாம். வெயில் ஏறிப் புகை கலைந்தபின் அனுப்புங்கள். கர்ச்சீப் நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும் என்-95 தடுக்கும். டாக்டர் கொடுத்த இன்ஹேலரைப் பழக்கமாகிவிடும் என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக் காலை தெருமுனையில் யாராவது தீக்குச்சி உரசினால், மகனையும் கூட்டிக்கொண்டு போய் அவர் எதிரே நின்று, “இவனுக்கு மூச்சு முட்டுகிறது, எரிக்காதீர்கள்” என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் படம் எடுத்து மாநகராட்சிக்குப் புகார் அனுப்புங்கள். தெருவில் இன்னும் நாலு வீட்டாரையும் அனுப்பச் சொல்லுங்கள்.