உண்டியல் சாவி வாங்கின மாப்ளைக்கு

வா மாப்ள, குந்து. கோயில் கமிட்டியில உன்னப் பொருளாளராப் போட்டுட்டாங்களாமே! நேத்துவரைக்கும் கோரமங்கலாவுல கம்ப்யூட்டர் தட்டிக்கினு இருந்த புள்ள, இன்னிக்கி இடுப்புல உண்டியல் சாவி. உங்கம்மா ஊரெல்லாம் ஃபோன் போட்டுச் சொல்லிட்டா. போளூர்ல இருக்கற என் பங்காளிக்குக்கூடத் தெரிஞ்சிபோச்சி. சந்தோசம்டா. தாய்மாமன் நான் இன்னா மோதிரமா போடப்போறேன்? வார்த்ததான் கீது. வாங்கிக்கினு போ.

சீக்கிரமாப் பெரிய மனுசன் ஆவணும்னா வழி சொல்றேன் கேளு. ரசீது புக்க அலமாரியில வச்சிப் பூட்டிடு. ரசீது கேக்கறவனப் பாத்து, உனக்கு அம்மன்மேல நம்பிக்க இல்லயான்னு கேளு. உண்டியல ராத்திரி பத்து மணிக்கு மேல, ஷட்டர இழுத்துவுட்டு, நீயும் தலைவரும் தலைவரோட மச்சானும் மட்டும் ஒக்காந்து எண்ணுங்க. கணக்கு எங்கன்னு எவனாவது வாயத் தொறந்தா, எல்லாம் மேல இருக்கறவ பாத்துக்குவான்னு கோபுரத்தக் காட்டு. ஆடிட்டர் வந்தா சுண்டல் குடு. இப்பிடியே பண்ணா ஆறு மாசத்துல உன் வூட்டு வாசல்ல காரு நிக்கும். ரெண்டு வருசத்துல அமலாக்கத்துறை காரும் வந்து நிக்கும். ஒண்ணு மட்டும் பாத்துக்க, அவங்க வியாழக்கெழமதான் வரணும்னு வேண்டிக்க. குழந்தை இயேசு கோயிலுக்கு வர்ற கூட்டத்துல விவேக் நகர்ல சைக்கிளே நகராது, அவங்க வண்டி எங்க நகரும்?

சிரிக்கறியா? சிரி. திருட்டுப் பணம் வச்சிருக்கறவனோட கவல உனக்குத் தெரியாது. பணம் மூட்டையாக் கெடக்கும், செலவு பண்ண முடியாது. எங்கேர்ந்து வந்துச்சின்னு கேட்டா சொல்றதுக்கு ஒரு ஊரு பேரு வேணும். அதத் தேடித்தான் அலையறான். எஜிபுரா ரோட்டுல ஒரு டீக்கடைக்காரன் நாளைக்கி அம்பதாயிரத்துக்கு வித்தேன்னு கணக்கெழுதினா, பாலு எத்தன லிட்டரு வாங்கின, சக்கர எத்தன கிலோன்னு கேட்டு மடக்கிடலாம். அம்மன் அருளுக்கு இன்னா பால் கணக்கு? இந்த வருசம் உண்டியல்ல மூணு பங்கு வுழுந்துச்சின்னு நீ சொன்னா, ஊரு கையெடுத்துக் கும்புடும். சக்தி ஏறிபோச்சின்னு பக்கத்துத் தெருவுலேர்ந்தும் வருவாங்க. அந்த ஓட்டைக்குள்ள ஆயிரம் பேரு ஆயிரம் ஆயிரமாப் போட்டதா, ஒரே ஆளு பத்து லட்சத்தக் கொட்டுனதான்னு உண்டியலுக்குத் தெரியாது. அப்புறம் கோபுரத்துக்குப் பெயிண்டு, மண்டபத்துக்குச் சிமெண்டு, திருவிழாவுக்குப் பந்தல்னு பில்லு வரும். பில்லு போட்ட கம்பெனி யாருதுன்னு பாத்தா, கொட்டுனவனோட மச்சான். உள்ள போனது மூட்டை, வெளிய வந்தது செக்கு. அம்மனுக்கு மிஞ்சினது பெயிண்டு வாசன.

2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி ஞாபகம் இருக்குதா? ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு சொன்னாங்களே, அதுக்கப்புறம் நாட்டுல வந்த பக்தி இருக்குதே, என் ஆயுசுல அப்பிடி ஒரு பக்தியப் பாத்தது கெடையாது. நம்ம வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில் உண்டியல்ல 44 லட்சம் பழைய நோட்டு. கோட்டைக்குள்ள இருக்கற சாமிக்குத் திடீர்னு இன்னா அப்பிடி ஒரு யோகம்? திருப்பதியில அதுக்கும் மேல. நோட்ட பேங்குல கட்டறதுக்குக் கெடு டிசம்பர் 30ன்னு சொன்னாங்க, பெருமாளுக்கு மட்டும் கெடுவே கெடையாது, ஜனங்க போட்டுக்கினே இருந்தாங்க. 2020ல தேவஸ்தானத்துத் தலைவர் சுப்பா ரெட்டி டெல்லிக்குப் போயி, கிட்டத்தட்ட 50 கோடி ரூவா பழைய நோட்டு கெடக்குது, மாத்திக் குடுங்கன்னு நிர்மலா சீதாராமன் அம்மாகிட்டக் கேட்டாரு. இதுக்கு நடுவுல 2017ல ஒரு சட்டம் போட்டிருந்தாங்க, பத்து நோட்டுக்கு மேல வச்சிருந்தா குத்தம்னு. நீயும் நானும் பதினொண்ணு வச்சிருந்தா அபராதம். ஏழுமலையான்கிட்ட லட்சக்கணக்குல கெடந்துச்சி. அவர யாரு கூப்புட்டு விசாரிக்கறது?

அதே உண்டியல்ல வெளிநாட்டு நோட்டும் வுழுவுது இல்ல? டாலரு, ரிங்கிட்டு, எல்லாம். ரெண்டாயிரத்து இருவத்திமூணு வாக்குல அதுவும் சிக்கிக்கிச்சி. போட்டவன் பேரு ஊரு இல்லாத வெளிநாட்டுப் பணத்தக் கணக்குல ஏத்த பேங்கு யோசிச்சிது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல உள்துறை அபராதம் போட்டுச்சி. திருட்டே இல்லாத எடத்துலயும் பாரு, பேரு இல்லாத பணம் எப்பிடி முதுகு வலி குடுக்குதுன்னு.

நீ கேப்ப, சட்டம் இல்லயா மாமான்னு. இருக்குது, நல்லாத்தான் இருக்குது. 2006ல நிதிச் சட்டத்துல ஒரு ஏற்பாடு பண்ணாங்க. பேரு தெரியாதவன் குடுத்த நன்கொட ஒரு அளவுக்கு மேல போனா டிரஸ்ட்டு 30 சதவீதம் வரி கட்டணும். படிச்சிட்டு நான்கூட சபாஷ்னேன். அடுத்த வரியிலயே, முழுக்க மதத்துக்காக நடக்கற டிரஸ்ட்டுக்கு இது பொருந்தாதுன்னு எழுதி வச்சிருக்கான். எங்க அதிகமாப் பேரு தெரியாத பணம் வுழுவுதோ, சரியா அந்த எடத்துல மட்டும் கதவத் தொறந்து வுட்டிருக்கான். அவனையும் கொற சொல்ல முடியாதுடா. பூக்காரம்மா போடற பத்து ரூவாய்க்குப் பேரு கேட்டா உண்டியலே நடக்காது. 2025ல புது வருமான வரி மசோதா வந்தப்ப, மதமும் தருமமும் சேந்து நடத்தற டிரஸ்ட்டுங்களுக்கு இருந்த சலுகைய எடுத்துட்டாங்க. உடனே எல்லா மதத்துக்காரனும் ஒரே குரல்ல கத்தினான். அத்தன பேரு ஒத்துமையா இருந்து நான் பாத்ததே அந்த ஒரு விசயத்துலதான். பார்லிமெண்ட்டு தெரிவுக்குழு சொல்லி, சலுகைய திரும்ப வச்சிட்டாங்க.

ஆனா நீ பூந்து வெளையாடலாம்னு நெனைக்காத. 2017 ஏப்ரல்லேர்ந்து ஒரு ஆளுகிட்ட ஒரு நாள்ல ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக்கூடாது. வாங்கினா அபராதம் எவ்ளோ தெரியுமா? வாங்கின தொக எவ்ளோவோ அவ்ளோ. யாருக்கு? குடுத்தவனுக்கு இல்லடா, வாங்கின டிரஸ்ட்டுக்கு. 2023 மார்ச் 7ஆம் தேதி இன்னொண்ணு வந்துச்சி. மதத்துக்கோ தருமத்துக்கோ நடக்கற டிரஸ்ட்டு, சங்கம் எல்லாத்தையும் கறுப்புப் பணத் தடுப்பு விதியில கொண்டாந்துட்டாங்க. பேங்குக்காரன் உங்க கோயில நிதி ஆயோக்கோட தர்ப்பண் தளத்துல பதியணும், பதிஞ்சத கணக்கு மூடின பெறவும் அஞ்சி வருசம் வச்சிருக்கணும். அதுனாலதான் போன மாசம் மேனேஜர் உங்க தலைவரக் கூப்புட்டு அத்தன கேள்வி கேட்டாரு. தலைவரு வந்து, நம்ம அம்மனையே சந்தேகப்படறான்னு குதிச்சாரு. அம்மன யாரு சந்தேகப்பட்டா?

அடுத்தவன் கதையும் கேட்டுக்க. 2019 அக்டோபர்ல வருமான வரிக்காரங்க வரதய்யபாளையம் கல்கி ஆசிரமத்துலயும், சென்னை பெங்களூரு எடங்கள்லயும் பூந்தாங்க. அவங்க சொன்ன கணக்கு: ரொக்கம் 43.9 கோடி, அமெரிக்க டாலரு 25 லட்சம், தங்கம் 88 கிலோ, வைரம் 1271 காரட்டு. கணக்குல காட்டாதது 500 கோடிக்கு மேல. ஆத்மா லேசாவணும்னு சொல்லிக்குடுத்த எடத்துல 88 கிலோ. தூக்கறதுக்கே ரெண்டு ஆளு வேணும். அப்பவும் பஜன பாடினவங்க பாடிக்கினேதான் இருந்தாங்க.

அதே வருசம் ஜூன்ல நம்ம பெங்களூரு சிவாஜிநகர். ஐஎம்ஏன்னு ஒரு கம்பெனி. முதலாளி மன்சூர் கான். வட்டி வாங்கறது பாவம், இது வட்டி இல்ல, லாபத்துல பங்குன்னு சொல்லி வாங்கினாங்க. கிட்டத்தட்ட 4,000 கோடி. வூட்டு வேல செய்யற அம்மா, மக கல்யாணத்துக்குச் சேத்தவ, வெளிநாட்டுல சம்பாரிச்சி அனுப்பினவன், எல்லாம் போட்டான். எப்பிடிப் போட்டான்? பேங்குக்காரன் சொன்னா நூறு கேள்வி கேக்கற ஆளு, மதத்துப் பெரியவங்க நல்ல கம்பெனின்னு சொன்னதும் நகையக் கழட்டிக் குடுத்துட்டான். ஒரு பள்ளிவாசல் இமாமையும் விசாரணக் குழு கைது பண்ணுச்சி. முதலாளி துபாய்க்கிப் பறந்தாரு, ஜூலையில டெல்லியில எறங்கினப்பப் புடிச்சாங்க. நாப்பதாயிரம் பேருக்கு மேல புகார் குடுக்க வரிசையில நின்னாங்க. எனக்கு அந்தக் கதையில உறுத்தறது ஒண்ணுதான் மாப்ள. அவன் கறுப்புப் பணத்த வெள்ள ஆக்கறதுக்கு மதத்தத் தேடல. ஏழையோட வெள்ளப் பணத்தக் கறக்கறதுக்கு மதத்தக் கூட்டுச் சேத்தான். மரியாத இருக்குதே, அதுதான் சரக்கு. உன் கோயிலுக்கும் அதுதான் சொத்து.

ரோமாபுரிக்காரன் மட்டும் யோக்கியனான்னா, அதுவும் இல்ல. வாடிகனுக்குன்னு 1942ல ஆரம்பிச்ச ஒரு பேங்கு. அது பங்கு வச்சிருந்த அம்புரோசியானோ பேங்கு 1982ல கவுந்துச்சி. அதோட தலைவர் கால்வி லண்டன்ல பாலத்துக்கடியில தூக்குல தொங்கினாரு. சட்டப்படி எங்களுக்குப் பொறுப்பே இல்லன்னு சொல்லிக்கினே வாடிகன் 24 கோடி டாலருக்கு மேல கட்டுச்சி. பொறுப்பு இல்லாதவன் கட்டற காசா அது? ஆனா 2010ல இத்தாலிக்காரன் அந்த பேங்குப் பணம் 2.3 கோடி யூரோவ முடக்கின பெறவு போப்பாண்டவரே எறங்கி, பணத்தக் கண்காணிக்க ஒரு அமைப்ப ஏற்படுத்தினாரு. ஆயிரக்கணக்குல கணக்க மூடினாங்க. போப்பாண்டவர் கோயில்லயே நீ யாருன்னு கேக்கலாம்னா, நம்ம மாரியம்மன் கோயில்ல கேக்கக் கூடாதா?

ரகசியமாக் குடுக்கறதுதான் புண்ணியம், எடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு ஒருத்தன் உன்கிட்ட வருவான். நம்பாத. நம்ம பாட்டன் பூட்டன் எவனும் அப்பிடிக் குடுக்கல. தோமலூர் சொக்கநாதர் கோயிலுக்கு ஒரு நாளு போ, பக்கந்தான. ஒய்சள ராமநாதன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்குது. கதவுக்கு நிலைக்கால் செஞ்சி குடுத்தத, குடுத்தவங்க பேரோட கல்லுல வெட்டி வச்சிருக்கான். ரெண்டு நிலைக்காலு, அதுக்கும் பேரு. தஞ்சாவூர்ல ராஜராஜன் இன்னா பண்ணான்? தான் குடுத்தது, அக்கா குந்தவை குடுத்தது, பெஞ்சாதிங்க குடுத்தது, எல்லாத்தையும் பிரிச்சிப் பிரிச்சி எழுத வச்சான். தங்கம் எத்தன கழஞ்சின்னு, ஆடவல்லான்னு பேரு வச்ச எடக்கல்லுல நிறுத்து எழுதினான். ராசாவுக்கே எடபோட்டுத்தான் வரவு வச்சிருக்கான்டா. உங்க தலைவரு கணக்கு கேட்டா கோவிச்சிக்கறாரு.

நம்ம கோயிலயே பாரேன். முந்நூறு ரூவா டியூப்லைட்ட வாங்கிக் குடுத்தவன், பேரு, தகப்பன் பேரு, கடைப் பேரு, ஃபோன் நம்பரு எல்லாம் அதுமேலயே எழுதி வெளிச்சத்தயே மறச்சிட்டான். மூணு லட்சம் குடுக்கறேன்னு வர்றவன் மட்டும் பேரே வேணாங்கறான். அவ்ளோ அடக்கம் ஒருத்தனுக்கு வந்தா, ஒண்ணு அவன் ஞானி. இல்லன்னா அவனுக்கு ஒரு வக்கீல் இருக்கான்.

அந்த மாதிரி ஆளு உன்கிட்ட வருவான், பாத்துக்கினே இரு. ரியல் எஸ்டேட்டுன்னு சொல்லுவான். கோயிலுக்குக் குடுத்தா வரிக்கழிவு கெடைக்கறது கஷ்டம், அதனால பக்கத்துல ஒரு சேவா டிரஸ்ட்டு ஆரம்பின்னு சொல்லுவான். செக்குல பத்து லட்சம் தர்றேன், எட்டு லட்சத்த ரொக்கமாத் திருப்பிக் குடு, மீதி ரெண்டு அம்மனுக்குன்னு சொல்லுவான். கோவப்படாத. காப்பி குடு. ரொம்ப சந்தோசம் சார், பான் கார்டு நகல் ஒண்ணு வேணும்னு சொல்லு. அப்புறம், பௌர்ணமி பூசையில உங்கள மேடையேத்தி, மாலை போட்டு, மைக்குல தொகையோட பேரச் சொல்லணும்னு கமிட்டி ஆசப்படுதுன்னு சொல்லு. யோக்கியன்னா வேட்டி எடுக்கப் போவான். மத்தவன் காப்பி ஆறதுக்குள்ள ஆட்டோ புடிப்பான். அமலாக்கத்துறைக்கும் இல்லாத மிஷின்டா நம்ம மைக்கு செட்டு.

உண்டியலுக்கு ரெண்டு பூட்டு போடு. ஒரு சாவி உன்கிட்ட, இன்னொண்ணு கமிட்டியில இல்லாத ஆளுகிட்ட. என்னக் கேட்டா அந்தப் பூக்காரம்மாகிட்டக் குடுப்பேன், ஒரு மொழம் பூவுல ஒரு விரக்கட அதிகம் குடுக்காத பொம்பள அவ. ஞாயித்துக்கெழம பகல்ல, சனங்க பாக்க, எண்ணுங்க. எண்ணினத கரும்பலகையில எழுதிப் போடு. திங்கக்கெழம பேங்கு தொறந்ததும் கட்டிடு. தலைவர் மச்சானுக்கு சுண்டல் வெனியோகம் பண்ற பொறுப்பக் குடு, நல்லாப் பண்ணுவாரு.

எங்க கெளம்பற? இரு, ஒரு சின்ன விசயம். போன ஆடியில கூழு ஊத்துனப்ப பந்தல் பொறுப்பு நீதான? தலைவரு ஃபைல என்கிட்டக் காட்டினாரு. பந்தல்காரனுக்கு நாப்பதாயிரம்னு வெள்ளப் பேப்பர்ல ஒரு பில்லு இருக்குது. கடைப் பேரு இல்ல, நம்பரு இல்ல. அதுகூடப் பரவால்ல, பந்தல்காரனுக்குத் தமிழ் எழுதவே தெரியாதே மாப்ள, அவன் தாவணகெரெ ஆளாச்சே. அந்த நாப்பதாயிரத்துல 'யி' போட்டிருக்கற சுழி, சின்ன வயசுல நான் உனக்குக் கைபுடிச்சி எழுதச் சொல்லிக்குடுத்த சுழி மாதிரியே இருக்குதே, அது எப்பிடி?