ஜாதகப் பொருத்தம்

மச்சான் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் பார்த்துவிட்டு வந்தார். கையில் ஒரு துண்டுச்சீட்டு. "மாப்ளே, இன்டெல் செலரான் என்4000 எடுக்கலாமா, ஏஎம்டி ஏ4-9125 எடுக்கலாமா?" ஜோசியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த பெண்ணின் அப்பா மாதிரி முகம்.

பொருத்தம் பார்த்தேன். இரண்டுக்கும் இரண்டே கோர். மூச்சைப் பிடித்து ஓடினால் இரண்டுக்குமே 2.6 கிகாஹெர்ட்ஸ்தான் உச்சம். சாதாரண நடை செலரானுக்கு 1.1, ஏ4-க்கு 2.3.

"அப்போ ஏஎம்டிதான்!" என்று எழுந்துவிட்டார்.

பொறுங்கள் மச்சான். அந்த இரண்டு கோருக்கும் தசமக் கணக்குப் போடும் பகுதி ஒன்றுதான். ஒரே அம்மியில் இரண்டு மருமகள்கள் அரைக்கிற குடும்பம். 28 நானோமீட்டர் காலத்து உடம்பு வேறு, 15 வாட் சாப்பிடும். செலரான் 14 நானோமீட்டர், 6 வாட், விரதக்காரர். பல லேப்டாப்களில் அதற்கு ஃபேனே கிடையாது. ஆகவே அது சத்தமில்லாமல் தாமதிக்கும். ஏ4 இரைந்துகொண்டே தாமதிக்கும்.

குரோமில் நாலைந்து டேப் திறந்தால் இரண்டிலும் அதே சுற்றும் வட்டம்தான். அந்த வட்டம் நிற்பதற்குள் நான் டீ போட்டு, ஆற்றி, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்திருக்கிறேன்.

விண்டோஸ் 11-க்கான மைக்ரோசாப்ட் பட்டியலில் என்4000 இருக்கிறது, ஏ4 இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது.

செலரானையே எடுங்கள் மச்சான். உள்ளே ஹார்டு டிஸ்க் இருந்தால் மட்டும் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டுவிடுங்கள்.