இரண்டு தட்டு தட்டினால்

ஆயுத பூசைக்கு முந்தின நாள் பள்ளிபாளையத்தில் எந்தச் சந்தில் நின்றாலும் அந்தச் சத்தம்தான். மூன்று வருடம் உறைக்குள் தூங்கிய காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் கிர்ர்ர் என்று இழுத்துக்கொண்டே போகும், இன்ஜின் பிடிக்காது. பேட்டரி செத்ததும் பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் வரும், மறுபடி கிர்ர்ர். கடைசியில் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து தீர்ப்பு: "இன்ஜெக்டர் ஒட்டிக்கிச்சுங்க, ரெண்டு தட்டு தட்டுங்க." இந்த வருடமும் தட்டியாயிற்று. பிறகு சந்தனப் பொட்டு வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நாலு பேர் காரைத் தள்ளிப்போய் அதை நசுக்கினார்கள். இன்ஜினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒட்டிக்கொண்டால் எப்படி விடுவிப்பது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்தத் தட்டலைப் பற்றி ஒரு வார்த்தை.

டிவியில் புள்ளி விழுந்தால் தலையில் தட்டுகிறோம். ரிமோட்டுக்கு முதுகில், அப்படியும் மசியாவிட்டால் செல்லைக் கழற்றி உருட்டிப் போட்டு மறுபடி முதுகில். டார்ச்சுக்கு உள்ளங்கை, டேபிள் ஃபேனுக்குக் கழுத்து, ரேடியோவுக்கு விலா. தேங்காயைத் தட்டினால் முற்றலா என்று தெரிகிறது, பானையைத் தட்டினால் கீறலா என்று தெரிகிறது, தர்பூசணியைத் தட்டினால் ஒன்றும் தெரிவதில்லை, ஆனாலும் தட்டிவிட்டுத்தான் வாங்குகிறோம். புரையேறினால் உச்சந்தலை, இருமினால் முதுகு, பையன் கணக்கில் தோற்றால் அதுவும் உச்சந்தலை. இவற்றில் பாதி தானாகச் சரியாகிவிடுவதுதான் வினை. பலிக்காத தட்டலை யாரும் ஞாபகம் வைப்பதில்லை.

இன்ஜெக்டரிலும் தட்டல் சில சமயம் பலிக்கும், மறுக்கவில்லை. உள்ளே ஒரு ஊசி, அதை அழுத்த ஒரு ஸ்பிரிங், சுற்றிலும் செம்புக் கம்பிச் சுருள். மின்சாரம் வந்ததும் சுருள் காந்தமாகி ஊசியை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தூக்குகிறது. நின்றுபோன பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிட, மிச்சம் காற்றுபட்டுப் பிசினாகி அந்த ஊசியைப் பிடித்துக்கொள்கிறது. ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினால் பிசின் விடலாம். ஆனால் அந்தப் பிசினைப் பெற்ற பெட்ரோல் டேங்கிலேயே இருக்கிறதே? போதாக்குறைக்கு, 2023 முதல் படிப்படியாகப் பரவிய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துவைக்கும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் ஊர் இது. காய்ந்த கஞ்சி எப்படிப் பிடிக்கும் என்று இங்கே பாடம் நடத்தத் தேவையில்லை. பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, நூலை முடிந்து, அப்புறம்தான் ஓட்டுகிறார்கள். யாரும் தறியை உதைப்பதில்லை. அதே கைகள் கார் சாவியைப் பிடித்தால் மட்டும் புத்தி எங்கே போகிறதோ.

மெக்கானிக்கே தட்டுகிறாரே என்பார்கள். எது ஒட்டியிருக்கிறது என்று பார்க்க அவர் தட்டுகிறார். தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. கிளீனர் பாட்டிலை டேங்கில் ஊற்றினால் ஆகாதா? அடைத்த வாய் வழியாக மருந்து எப்படி இறங்கும்? வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓடவிடுகிறோமே என்பவர்களுக்கு: அதில் பேட்டரி இழந்த சார்ஜ்கூடத் திரும்பாது, சைலன்சரில் தண்ணீர்தான் சேரும். முதலில் பழைய பெட்ரோலை வடித்து, ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டர்களைக் கழற்ற வேண்டும். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், பின்பக்கமாகக் கிளீனரைச் செலுத்திக்கொண்டே 12 வோல்ட்டைத் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். பிடித்தே வைத்தால் சுருள் கருகிவிடும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் புதிதாகப் போட வேண்டும். அப்படியும் மசியாததை அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருக்கும் கடைக்கு அனுப்பலாம்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை உண்டு. இன்ஜின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூடிரைவரை இன்ஜெக்டர் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால் டிக் டிக் என்று கேட்க வேண்டும். பள்ளிபாளையத்தில் அந்தக் காதில் விழுவது பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்தான். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்தும் நாள் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். யார் பொறுக்கிறார்கள்? அதோ, மறுபடி தட்டுகிறார்கள்.