பிளாஸ்டிக் அருகம்புல்

சிட்னியின் மேற்குப் புறநகரில் வீடு வாங்கினால் வீட்டோடு புல்லும் சேர்ந்து வரும். வீட்டுக் கடனையாவது முப்பது வருஷத்தில் அடைத்துவிடலாம். புல்லுக்கு உடம்பு உள்ளவரை கட்ட வேண்டும். டூங்காபியில் எங்கள் கொல்லை நிறைய இருந்தது, இங்கே கவுச் என்கிற புல். கோவில்பட்டியிலிருந்து அம்மா வந்து இறங்கிய மறுநாள் காலையில் குனிந்து ஒரு கொத்தைக் கிள்ளிப் பார்த்து, "ஏலே, இது அருகம்புல்லுல்லா!" என்றாள். அந்த நிமிஷமே அது பிள்ளையார் சொத்தாகிவிட்டது. கோடையில் வாராவாரம் மிஷின் தள்ளி அதை வெட்டுகிறவனுக்குப் பிள்ளையார் எந்தச் சலுகையும் காட்டவில்லை. போதாக்குறைக்கு நடுநடுவே பிண்டி என்றொரு முள் களை. வெறுங்காலோடு பந்து எடுக்கப் போகிறவன் ஒற்றைக் காலில்தான் திரும்பி வருவான்.

"அப்பா, செயற்கைப் புல் போட்டு ஒரு கோர்ட் கட்டலாம். கிரிக்கெட், பேட்மிண்டன், ஒரு ஓரத்துல பாஸ்கெட்பால்" என்று மகன் அடுக்கியபோது என் காதில் விழுந்தது ஒன்றுதான்: இனி வெட்ட வேண்டாம்.

செய்தி கோவில்பட்டிக்குப் போய், மாமா போனில் வந்தார். "வேண்டாம் மருமவனே. அந்தப் பச்சைப் பிளாஸ்டிக்காலதான் நம்ம ஹாக்கியே போச்சு." கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்கே 1976 மாண்ட்ரியலைப் பற்றிப் பேசினால் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும். ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்லுக்கு மாறிய வருஷம் அது. 1928 முதல் பதக்கம் இல்லாமல் திரும்பியறியாத இந்தியா, ஏழாவது இடத்துக்குப் போனது. "1980 மாஸ்கோவுல அதே பிளாஸ்டிக்குல நம்ம பாஸ்கரன் கேப்டனா இருந்து தங்கம் வாங்கலையா மாமா?" என்றேன். மாமாவுக்கு லைன் சரியாகக் கேட்கவில்லையாம்.

இந்தப் பிளாஸ்டிக்கின் பூர்வீகத்திலும் அருகம்புல் இருக்கிறது. 1965இல் ஹூஸ்டன் நகரில் ஆஸ்ட்ரோடோம் என்று கூரை போட்ட பேஸ்பால் மைதானம் ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே நட்டது அருகம்புல்லின் கலப்பு ரகம் ஒன்று. வெளிச்சம் வருகிற மாதிரிதான் கூரை வேய்ந்திருந்தார்கள். ஆனால் அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கண் கூசி, பந்து எங்கே என்று தெரியவில்லை. கூரைக்குப் பெயின்ட் அடித்தார்கள், புல் செத்தது. செத்த புல்லுக்கும் பச்சைப் பெயின்ட் அடித்து அந்த வருஷ ஆட்டத்தை ஒப்பேற்றினார்கள். அடுத்த வருஷம் செயற்கைப் புல் வந்தது, ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயரும் வந்தது. அம்மாவைச் சமாதானப்படுத்தலாம் என்று இந்தக் கதையைச் சொன்னேன். "கூரைக்கு அடியில புல்லு நட்டவன் புத்திய என்னன்னு சொல்ல" என்று எழுந்து போய்விட்டாள்.

முதல் தடை கொல்லையின் நட்டநடுவில் நின்றது. ஹில்ஸ் ஹாய்ஸ்ட் என்னும் சுழலும் துணிக்கொடி. 1945இல் அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவர் செய்யத் தொடங்கி, பிறகு ஆஸ்திரேலியக் கொல்லைகளில் எல்லாம் முளைத்தது. அதைப் பிடுங்கினால் துணி எங்கே காயும் என்று மனைவி கேட்டாள். டிரையர் இருக்கிறதே என்றேன். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஒரே அணியில் ஆடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

செயற்கைப் புல் போடுவதென்றால் சுருளை உருட்டிவிட்டால் முடிந்தது என்று ஊரில் பேச்சு. நடப்பதென்னவோ ரோடு போடுகிற வேலை. களிமண்ணைத் தோண்டி லாரியில் அனுப்பினார்கள். ஜல்லியைக் கொட்டி, வேக்கர் பேக்கர் என்று இங்கே செல்லமாகச் சொல்கிற அதிரும் மிஷினால் இடித்து இறுக்கினார்கள். தெருவில் இருந்த நாய்களெல்லாம் கருத்துத் தெரிவித்தன. மழைத்தண்ணீர் வழிய நூறுக்கு ஒன்று என்று வாட்டம் வைத்து, மேலே பொடி ஜல்லியைப் பரப்பினார்கள். அதன் பிறகுதான் புல் சுருள் வந்தது. ஓரங்களைச் சேர்த்துப் பசை போட்டு ஒட்டினார்கள். கடைசியில் மூட்டை மூட்டையாக மணல். மண்ணை அள்ளக் காசு வாங்கியவர்கள் மணலைக் கொட்டவும் காசு வாங்கினார்கள். அந்த மணல் உள்ளே இறங்கி நின்றால்தான் பிளாஸ்டிக் இழை படுக்காமல் நிமிர்ந்து நிற்குமாம். அதைத் துடைப்பத்தால் அவ்வப்போது பெருக்கிக் கலைத்துவிட வேண்டும் என்பதைப் பணம் கைமாறிய பிறகுதான் சொன்னார்கள்.

கிரிக்கெட்டுக்கு வெள்ளை, பேட்மிண்டனுக்கு மஞ்சள், கூடைப்பந்துக்கு நீலம் என்று கோடுகள் விழுந்தன. "புள்ளி வைக்காம கோலம் போட்டா இப்படித்தான்" என்றாள் அம்மா. கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர், எங்கள் கொல்லைக்கு அவ்வளவு நீளம் இல்லை. ஆகவே வேகப்பந்து வீச்சாளர் லாண்டரிக்குள்ளிருந்து ஓடிவருவார். வேலியைத் தாண்டி அடித்தால் ஆறு ரன், ஆளும் அவுட். இது ஆஸ்திரேலியக் கொல்லைகளின் பொதுச் சட்டம். பக்கத்து வீட்டு ஓட்டில் பந்து விழுந்தால் அவுட் என்ற கோவில்பட்டித் தெருச் சட்டத்துக்கும் இதற்கும் ஆறு ரன்தான் வித்தியாசம்.

பிறகு கோடை வந்தது. 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி அடித்த பக்கம் இது. சுமாரான வெயிலிலேயே செயற்கைப் புல் அறுபது டிகிரியைத் தொட்டுவிடும். கால் வைக்க முடியாது. சூடு தணிய ஹோஸ் பிடித்து நான் பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு மேலாகப் பார்த்தார். "எவ்வளவு வளர்ந்திருக்கு?" என்று கேட்டார்.

அறுபது டிகிரியின் அருமை அம்மாவுக்குத்தான் தெரிந்தது. பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் ஊற்றினாள். மோர்மிளகாய் பரப்பினாள். ஊரில் சில நாள் ஆகிற வத்தல் இங்கே சாயங்காலத்துக்குள் சலசலத்தது. பிரச்சினை என்னவென்றால், அவள் தேர்ந்தெடுத்த இடம் சரியாகக் குட் லெங்த். வத்தல் நாட்களில் பந்து குத்த இடமில்லாமல் எல்லாமே ஃபுல்டாஸ். மிட்-ஆனில் நிற்கிறவனுக்குக் கொண்டை வைத்த வெள்ளைக் கொக்கட்டூக்களை விரட்டுகிற வேலை. பறவைகளுக்கு மிளகாய் உறைக்காது என்பதால் மோர்மிளகாயையும் அவை விட்டுவைப்பதில்லை.

இதற்கிடையில் ஓரத்தில் ஒட்டுப்போட்ட இடத்தைப் பிளந்துகொண்டு பச்சையாக நாலு இழை எட்டிப் பார்த்தது. மருந்தடிக்கப் போனேன். அம்மா அதற்குப் பால் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

துணிப் பிரச்சினையை மனைவி தீர்த்துவைத்தாள். பேட்மிண்டன் வலையின் நீளம் 6.1 மீட்டர். ஆறு கெஜம் என்பது 5.49 மீட்டர். சேலையைப் பிரித்துப் போட்டால் இரண்டு பக்கமும் கிளிப் மாட்ட இடம் மிச்சம் இருக்கிறது. போன சனிக்கிழமை மகன் நண்பர்களோடு ராக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். வலையில் அம்மாவின் சுங்குடிச் சேலை.

"பாட்டி, மேட்ச் இருக்கு."

"இருக்கட்டும்யா. முந்தானை இன்னும் காயல."