கம்பும் கையுமாகச் சென்னைக்கு

மாநில அளவிலான சிலம்பப் போட்டி திருச்சியிலும் நடக்கும், சேலத்திலும் நடக்கும். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துப் பெற்றோரிடம் 'திருச்சியில் போட்டி' என்று ஆசான் சொன்னால், "செலவு எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள். 'சென்னையில்' என்றால், "எந்த ரயில்?" என்று கேட்பார்கள். கம்பு சுற்றப் போகும் பையனுக்கு முன்னால் பெட்டி கட்டி முடித்துவிட்டு நிற்பவர் அநேகமாக அவனுடைய தாய்மாமன்தான்.

போட்டியில் ஒரு பையன் களத்தில் நிற்பது ஓரிரு நிமிடம். அதற்காக அவன் சுமார் 650 கிலோமீட்டர் ரயிலில் போய், அதே தூரம் திரும்பி வருகிறான். கணக்குப் பார்த்தால் இது பயண விளையாட்டு. நடுவில் கொஞ்சம் சிலம்பமும் உண்டு.

எல்லாம் ஒரு சுற்றறிக்கையில் தொடங்குகிறது. அது வாட்ஸ்அப்பில், படத்தைப் படம் எடுத்து அதையும் படம் எடுத்த நிலையில் வந்து சேரும். வயதுப் பிரிவு, எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம், ஆதார் நகல், பிறப்புச் சான்றிதழ், பள்ளியின் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ ஆகியவை வரிசையாக இருக்கும். போட்டி நடக்கும் இடம் மட்டும் கடைசி வரியில், கட்டைவிரல் மறைத்த பகுதியில் இருக்கும். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சுற்றறிக்கையோ போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வருகிறது. ஆகவே சிலம்பக் குழுக்கள் பெரும்பாலும் தட்கலில்தான் சென்னை போகின்றன. தூங்கும் வசதிப் பெட்டிக்கான தட்கல் முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். ஒரு டிக்கெட்டில் நான்கு பேருக்கு மேல் போட முடியாது. இருபது பேர் கொண்ட குழுவுக்கு ஐந்து டிக்கெட். அது நாலைந்து பெட்டிகளில் சிதறும். ஆசான் எஸ்-2இல், சின்னப் பையன்கள் எஸ்-9இல், தாய்மாமன் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ஆர்.ஏ.சி.யில், முன்பின் தெரியாத ஒருவரோடு பக்கவாட்டுக் கீழ் இருக்கையைப் பங்கு போட்டுக்கொண்டு.

விளையாட்டு வீரர்களுக்கு ரயில் கட்டணத்தில் சலுகை இருந்த காலம் ஒன்று உண்டு. 2020இல் கொரோனாவோடு சேர்ந்து அதுவும் போனது. கொரோனா மட்டும் பிறகும் சில முறை திரும்பி வந்தது.

அடுத்தது கம்பு. நட்டு வைத்தால் ஆடுபவரின் நெற்றியைத் தொடவேண்டும் என்பது கம்பின் பழைய அளவு. ஆறாம் வகுப்புப் பையனின் கம்பை எங்கேயாவது செருகிவிடலாம். பிளஸ் டூ பையனின் கம்பு ஐந்தரை அடி. ரயில் பெட்டிக்குள் கொண்டுபோகும் டிரங்குப் பெட்டிக்கும் சூட்கேஸுக்கும் ரயில்வே விதித்திருக்கும் அளவு நீளம் 100, அகலம் 60, உயரம் 25 சென்டிமீட்டர். கம்பு இந்த மூன்றில் ஒன்றை மட்டும்தான் மீறுகிறது. மற்ற இரண்டிலும் அதைப்போல் அடக்கமான சாமான் ரயிலிலேயே கிடையாது.

கம்புகளை ஒன்றாகச் சேர்த்து, பழைய சேலையில் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு போட்டுக் கட்டுவார்கள். இந்தக் கட்டு ஆசானின் நேர்ப்பார்வையில் நடக்கும். கணு உள்ள பக்கம் எது, எண்ணெய் போட்ட கம்பு எது, வெடிப்பு விட்ட கம்பு எது என்று ஒவ்வொன்றையும் கையில் உருட்டிப் பார்த்துத்தான் சேர்ப்பார். சுருள்வாள் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் சுருண்டு படுக்கும். மான்கொம்பு துணிப்பையில் போகும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அசல் கொம்பை வைத்துச் சுற்ற முடியாது. மரத்திலோ உலோகத்திலோ செய்ததுதான். ஆனால் சுற்றறிக்கையில் இன்னும் 'மான்கொம்பு' என்றே இருப்பதால், "மான் இல்ல சார், மரம்" என்கிற வாக்கியம் ஆசானுக்கு வழியெல்லாம் தேவைப்படும்.

முதல் விசாரணை ஜங்ஷனிலேயே நடக்கும். சேலை சுற்றிய ஐந்தரை அடி உருப்படியை நான்கு பையன்கள் தோளில் தூக்கி வருவது எந்தக் காவலரையும் இரண்டு அடி முன்னால் வரவைக்கும்.

"என்னலே இது?"

"கம்பு சார்."

"எதுக்கு?"

"போட்டிக்கு சார். போர்ச் சிலம்பம்."

இந்த நேரத்தில் பின்னால் இருந்து ஆசான் ஓடிவருவார். "அலங்காரச் சிலம்பம்தான் சார், சின்னப் புள்ளைய" என்று சமாதானம் சொல்லி, சுற்றறிக்கையைக் காட்டுவார். காவலரும் படித்துப் பார்த்துவிட்டு, தன் மகனைச் சேர்க்க மாதம் எவ்வளவு என்று விசாரிப்பார். சிலம்பத்துக்குத் தமிழக அரசு வேலைவாய்ப்பின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்த பிறகு இந்தக் கேள்வி கூடுதலாகவே வருகிறது.

வண்டி கிளம்பியதும் சாப்பாடு. இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. தொடுமுறைப் போட்டி எடைப் பிரிவின்படி நடக்கிறது. கூடுதலாக ஒரு கிலோ ஏறினால், பையன் தன்னைவிடத் தடித்த பையன்களோடு மோத வேண்டியிருக்கும். இதை ஆசான் ஒரு மாதமாகச் சொல்லிவந்திருப்பார். அம்மாவும் ஒரு மாதமாகத் தலையாட்டிவந்திருப்பார். ஆனால் ராத்திரி வண்டியில் பிள்ளை பட்டினி கிடக்கக்கூடாது என்று மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அதற்குமேல் ஒரு டப்பா அதிரசம் என்று கட்டிக் கொடுத்திருப்பார். கோவில்பட்டி வந்ததும் மாமா இறங்கிக் கடலைமிட்டாய் வாங்குவார். அதற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால் வேண்டாம் என்று சொல்வது மண்ணுக்கே அவமரியாதை. விருதுநகர் தாண்டும்போது எடைப் பிரிவு மாறிவிட்டிருக்கும்.

கம்புக்கட்டைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் தள்ளலாம் என்றால் அங்கே ஏற்கெனவே சங்கிலி போட்ட சூட்கேஸ்கள். மேல் படுக்கையில் வைத்தால் பையன் படுக்க இடமில்லை. கடைசியில் பாதி உள்ளே, பாதி நடைபாதையில் என்று ஒரு சமரசம் ஏற்படும். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் மதுரையில் ஏறுபவர் இருட்டில் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து இதில் இடித்துக்கொள்வார்.

"யாருப்பா கட்டையை நடுவுல போட்டது?"

பெட்டி முழுக்கக் குறட்டை. தாக்குதல் வரும் திசையை உணர்ந்து விலகுவது சிலம்பத்தின் அடிப்படைப் பாடம். அதை அந்த நேரத்தில் குழு முழுவதுமே செவ்வனே கடைப்பிடிக்கும்.

விடியும்போது செங்கல்பட்டு. இங்கேயே எல்லோரும் எழுந்து, பல் துலக்கி, செருப்பு மாட்டி, கம்புக்கட்டைத் தூக்கிக் கதவருகே போய் நின்றுவிடுவார்கள். எழும்பூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று தினமும் போய்வருகிறவர்கள் சொன்னால் நம்புவதில்லை. தாம்பரத்தில் இறங்க வேண்டியவர்கள் கம்புக்கு மேலாகத் தாண்டி இறங்குவார்கள்.

1908இல் திறந்த எழும்பூர் நிலையத்தின் அழகை நின்று பார்க்க எந்தச் சிலம்பக் குழுவுக்கும் வாய்த்ததில்லை. வெளியே வந்ததும் ஆட்டோ.

"எங்க சார் போணும்?"

"நேரு."

"நேரு பார்க்கா, நேரு ஸ்டேடியமா?"

இந்தக் கேள்வி வரும் என்று ஊரில் யாரும் எச்சரித்திருக்க மாட்டார்கள். இரண்டுமே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இரண்டுமே விளையாட்டுக்கானவை. ஒன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில், தன் பெயரில் ஒரு மெட்ரோ நிலையத்தோடு. மற்றது சென்ட்ரலுக்குப் பின்னால் பெரியமேட்டில். சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தால் அந்த வரியில்தான் கட்டைவிரல்.

"போட்டி எதுல நடக்குதோ அதுக்குப் போங்க அண்ணாச்சி" என்பார் ஆசான்.

"ஆளுக்கு ஒரு ரேட்டு, கட்டைக்குத் தனி ரேட்டு சார்."

"கட்டை என்ன எடத்தையா அடைக்கு? மடியில வச்சிக்கிடுதோம்."

மடியில் வைத்தால் ஆட்டோவின் இரண்டு பக்கமும் கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பெருநகரச் சாலையில் அதைவிட வீரமான சிலம்பம் வேறில்லை. மெட்ரோவில் போகலாம் என்று படித்த பையன் ஒருவன் யோசனை சொல்வான். எழும்பூரில் ஏறினால் அடுத்த நிலையமே சென்ட்ரல். ஆனால் மெட்ரோவில் பைகளை எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்ப வேண்டும். பிஸ்கட் டின்னுக்குள் வட்டம் வட்டமாகச் சுருண்டு கிடக்கும் ஆறடி இரும்புப் பட்டையைத் திரையில் பார்க்கும் பணியாளரின் முகத்தை விவரிக்கத் தேவையில்லை. கூர்மையான பொருளுக்கு அங்கே அனுமதி இல்லை, அது நியாயமும்கூட. குழு நடந்து போய்ச் சேரும். அரை மணி நேர நடைதான். கம்பு முன்னால், ஆசான் நடுவில், மாமா கடைசியில் டீக்கடை பார்த்துக்கொண்டு.

காலை 9 மணிக்குத் தொடங்கும் என்று அச்சிட்டிருக்கும் போட்டி, சிறப்பு விருந்தினர் வந்த பிறகே தொடங்கும். அவர் வருவதற்குள் பையன்களுக்கு உடம்பு ஒருமுறை சூடேறி, ஆறி, மறுபடி சூடேறிவிடும். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடிந்து அவர் பேசும்போது எம்.ஜி.ஆர். சிலம்பம் கற்றவர் என்பதைச் சொல்லாமல் விடமாட்டார். பேச்சு முடிந்ததும் போட்டோகிராபர்கள் கேட்டுக்கொள்ள, கம்பு ஒன்றை வாங்கி இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். அன்றைய போட்டியில் நடுவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பின்வாங்குவது இந்தக் கட்டத்தில் மட்டும்தான்.

பிறகு காத்திருத்தல். ஒரு பெரிய அரங்கில் பல களங்கள், ஒலிபெருக்கியோ ஒன்று. அதில் வரும் பெயர் கூரையில் மோதி மூன்றாகப் பிரிந்து கீழே இறங்கும். திருநெல்வேலி என்று சொன்னார்களா, திருவள்ளூர் என்று சொன்னார்களா என்று தெரியாமல் இரண்டு மாவட்டத்துப் பையன்களும் ஓடிப்போய் நிற்பார்கள். கழிப்பறைக்குப் போன பையனின் பெயரை மட்டும் ஒலிபெருக்கி தெளிவாக அழைக்கும்.

ஒருவழியாக முறை வரும். தனித்திறனில் பையன் களத்துக்குள் போய், சலாம் வரிசை போட்டு, நடுவருக்கு வணங்கி, கம்பைச் சுற்றத் தொடங்குவான். நல்ல வீச்சில் கம்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றைக் கிழிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். நடுவர்கள் கம்பைவிடக் காலடியைத்தான் அதிகம் பார்க்கிறார்கள் என்பது கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கம்பு கழுத்தைச் சுற்றி வந்தால் கைதட்டுவார்கள். கம்பு கை நழுவி விழுந்தாலும் கைதட்டுவார்கள். அது பக்கத்துக் களம்வரை உருண்டு போனால் விசிலும் உண்டு.

தொடுமுறை வேறு மாதிரி. தலைக்கவசமும் மார்புக்கவசமும் மாட்டிய இரண்டு பேர், கம்பால் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் கம்பு நுனியில் சாயம் தோய்த்து, வெள்ளை உடுப்பில் விழுந்த புள்ளியை எண்ணித் தீர்ப்புச் சொன்னார்கள் என்று ஆசான்மார் சொல்வதுண்டு. அந்த முறையில் வாக்குவாதத்துக்கு இடமில்லை என்பதால்தான் அது வழக்கொழிந்திருக்கும் போலிருக்கிறது. இப்போது தொட்டதா இல்லையா என்பது நடுவரின் கண், ஆசானின் கண், மாமாவின் கண் என்று மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பதிவாகிறது. ஆசான் வகுப்பில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுப்பது பொறுமை. முதல் புள்ளி எதிராளிக்குப் போனதும், நடுவர் மேஜைக்கு அவர் ஓடும் வேகத்தை மாணவர்களால் எந்தப் பிரிவிலும் எட்ட முடியாது. மாமா மேலே இருந்து "அடிலே! அடிலே!" என்று கத்துவார். தொட்டால் போதும் என்கிற விதியை அவருக்குப் பலமுறை விளக்கியாகிவிட்டது.

மாலையில் மெரினா. தோற்றவன் கடலைப் பார்க்கும்போது வருத்தம் மறக்கிறான், ஜெயித்தவன் பதக்கத்தோடு போட்டோ எடுக்கிறான். கம்புக்கட்டை எங்கே வைப்பது என்று தெரியாததால் அதுவும் மணலுக்கு வந்திருக்கும். சும்மா இருந்த கைகள் இரண்டு கம்பை உருவும். கொஞ்ச நேரத்தில் நாலு பேர் சுற்ற, நாற்பது பேர் சுற்றி நிற்பார்கள். மாங்காய் பத்தைக்காரர் தள்ளுவண்டியை அருகே உருட்டி வருவார். காலையில் சின்ன அசைவுக்கும் புள்ளி குறைத்த நடுவர்களுக்கு நேர்மாறாக இந்தக் கூட்டம் எல்லாவற்றுக்கும் வாய் பிளக்கும். முடிந்ததும் ஒரு பெரியவர் முன்னால் வந்து, துண்டு விரிக்காததால் எங்கே போடுவது என்று தடுமாறி, பத்து ரூபாய் நோட்டை மாமாவின் கையில் வைத்துவிட்டுப் போவார். மாமா அதை மறுக்க மாட்டார். அன்று சென்னையில் குழுவுக்கு வந்த ஒரே வரவு அது.

திரும்பும் ரயிலில் ஒழுங்கு குலைந்துவிடும். பதக்கம் வாங்கியவர்கள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தூங்குவார்கள். அவர்கள் கம்புக்கட்டைச் சுமக்க வேண்டியதில்லை என்பது எங்கும் எழுதப்படாத விதி. தொடுமுறையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் கொடுக்கும் வழக்கம் இருப்பதால் சுமக்க ஆள் குறைந்துபோகும். கட்டு கடைசியில் ஆசானின் தோளுக்கு வரும்.

ஊர் வந்து, பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தின்போது பாராட்டு முடிந்த பிறகு, சான்றிதழைப் பெற்றோர் கையில் வாங்கிப் பார்ப்பார்கள். போட்டியின் பெயர், தேதி, பிரிவு, பிடித்த இடம், கீழே ஐந்து கையெழுத்து, எல்லாம் சரியாக இருக்கும். பையனின் இன்ஷியல் மட்டும் 'மு'வுக்குப் பதில் 'சு' என்று அச்சாகியிருக்கும். வேலை ஒதுக்கீட்டுக்கு உதவும் என்று நம்பி வாங்கிய காகிதத்தில் அப்பா பெயர் மாறியிருப்பதைச் சும்மா விட முடியாது. ஆசான் போன் போடுவார். திருத்தித் தருகிறோம், அசலோடு பையனை நேரில் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வாருங்கள் என்பார்கள். மாமா டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிடுவார்.