கெட்டும் பட்டணம் சேர்… எந்தப் பட்டணம்ல?

ஏலே பேராண்டி, அந்த லேப்டாப்பைக் கொஞ்சம் இப்படித் திருப்பு. என்னல இது, கட்டம் கட்டமா? பொண்ணு பாக்க ஜாதகம் எதுவும் கணிக்கியா? எக்செல்லா? சரி சரி. மேல பெங்களூர், ஹைதராபாத், புனே, குருகிராம். ஓரத்துல சம்பளம், வாடகை, வானிலை. அடியில அது என்னது, 'வைப்'பா? அதுக்குப் பத்துக்கு எட்டரை மார்க்குப் போட்டிருக்க. அரை மார்க்கு வரைக்கும் அளந்துட்டியே, எந்தப் படியால அளந்த?

'கெட்டும் பட்டணம் சேர்'னு பெரியவங்க சொல்லி வச்சாங்க. எந்தப் பட்டணம்னு சொல்லாம விட்டுட்டாங்க. கேட்டிருந்தா, 'சோறு கெடைக்கிற பட்டணம்ல மூதி'ன்னு ஒத்த வார்த்தைல முடிச்சிருப்பாங்க. நீ மாசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணுத.

உனக்குச் சென்னை வேண்டாம். ஏன்னு கேட்டா, வெயிலாம். ஏசி ரூம்ல எந்திரிச்சு, ஏசி கார்ல ஏறி, ஏசி ஆபீஸ்ல போயி இறங்குத. வெயில் உன்னை எங்கன பாத்துச்சு? பாண்டி பஜார் நடைபாதைல உக்காந்து பூக் கட்டுத அக்காவை அது தெனமும் பாக்கு. அவ ஊரை மாத்தணும்னு சொல்லலையே.

'அரசாங்கமே ஊர்களுக்கு மார்க் போட்டிருக்கு தாத்தா'ங்க. நல்லாப் போட்டாங்க, கேளு. 2018-ல மத்திய அரசு, வாழுறதுக்குத் தோதான ஊர் எதுன்னு ஒரு பட்டியல் விட்டுது. புனே முதல். சென்னை 14. உன் பெங்களூர் 58. 2021 மார்ச்சுல அடுத்த பட்டியல் வந்துது. பெங்களூர் முதல்! நடுவுல மூணு வருசம்கூட முழுசா ஓடலை. அதுக்குள்ள அங்க என்னல நடந்துச்சு? சில்க் போர்டு முக்குல நின்ன பஸ்ஸுக்கெல்லாம் றெக்கை முளைச்சுதா? ஒண்ணுமில்ல. கணக்குப் போடுற முறையை மாத்தினாங்க, ஊரு அங்கனயே நின்னுது. சென்னைகூட 14-ல இருந்து நாலுக்கு வந்துது. அந்த மூணு வருசமும் நான் இதே மேற்கு மாம்பலத்துலதான் கெடந்தேன். பத்து எடம் மேல ஏறினது எனக்குத் தட்டுப்படவே இல்லையே!

சரி, இந்தச் சென்னையையே எப்படித் தேர்ந்தெடுத்தாங்க தெரியுமா? 1639-ல பிரான்சிஸ் டேன்னு ஒரு கும்பினிக்காரன் வந்தான். பாத்தா வெறும் மணல்மேடு. துறைமுகம் கெடையாது. கப்பல் கடல்ல தள்ளி நிக்கும். சரக்கும் துரைமாரும் மசூலாப் படகுல ஏறி, அலைல முங்கி எந்திரிச்சு, நனைஞ்ச கோழியாக் கரைக்கு வரணும். இருநூறு வருசத்துக்கு மேல அதே கதிதான். உன் கட்டத்துல போட்டா அந்த எடம் அம்புட்டுலயும் பெயிலு. டே என்ன எழுதினான்? 'இங்க துணி நூத்துக்கு இருபது மலிவு'ன்னு மேலிடத்துக்கு எழுதினான். ஊர்வாய் வேற ஒண்ணு பேசுச்சு. பக்கத்துல சாந்தோம்ல அவனுக்கு ஒரு சினேகிதி இருந்தா, அதான் இங்கன எடம் பிடிச்சான்னு. நெசமோ பொய்யோ, முந்நூத்தி எண்பது வருசம் தாண்டியும் அந்தப் பேச்சு சாகலை. ஆமா, உன் பட்டியல்ல பெங்களூர்க் கட்டத்துல மட்டும் மார்க்கை வாரி இறைச்சிருக்கியே, கோரமங்கலால யாருல இருக்கா?

வெக்கப்படாத. அது ஒண்ணுதான் இந்தப் பட்டியல்லயே உருப்படியான காரணம்.

மயிலாப்பூர்ல அந்தக் காலத்துப் பையங்க எப்படி ஊரு பிடிச்சாங்க? டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணுவான். பம்பாய்ல மாட்டுங்காவுல அத்திம்பேர் ரூம்ல ஒரு பாய் விரிக்க எடம் இருக்குன்னு காயிதம் வரும். மறுவாரம் தாதர் ரயில். கரோல் பாக்குல மாமா இருந்தா டெல்லி. அவ்வளவுதான் ஆராய்ச்சி. கொஞ்ச வருசத்துல அங்கனயே கோயில் கட்டி, மெஸ் வச்சு, கச்சேரியும் நடத்திட்டான். நான் மட்டும் என்ன? திருநெல்வேலில ரயிலேறி மாம்பலத்துல இறங்கினேன். சித்தப்பா ரங்கநாதன் தெருவுல ஒரு பாத்திரக் கடைல நின்னாரு. அவரு டெல்லில நின்னிருந்தா நான் இன்னைக்கு இந்தியில உன்னைத் திட்டியிருப்பேன்.

அந்தத் தெருவுக்குப் போயிப் பாரு. மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து ஆகாச நடைபாதை போட்டிருக்காங்கல்லா, 2023-ல திறந்தது, அதுல நின்னு கீழ பாரு. துணிக்கடை வாசல்ல கைதட்டிக் கூப்பிடுதான் பாரு ஒரு பையன், அவன் பேச்சைக் காதுல வாங்கு. நம்ம பக்கத்துப் பேச்சாத்தான் இருக்கும். ஊர்க்காரன் எவனோ ஒருத்தன் முன்னால வந்திருப்பான், இவன் அவன் பின்னால வந்திருப்பான். உள்ள சேலை விரிச்சுக் காட்டுத பிள்ளைக்கு, நாள் முழுக்க நிக்கிற சோலி. கடைக்காரன் உக்கார எடம் குடுக்கணும்னு சட்டம் வர 2021 ஆச்சுல, இந்தத் தமிழ்நாட்டுல. கேரளாக்காரன் நமக்கு முன்னாலயே 2018-ல செஞ்சுட்டான். அந்தப் பிள்ளையை மறிச்சு, 'இந்த ஊரு வைப் எப்படிம்மா?'ன்னு கேட்டுப் பாரு. 'சேலை எடுக்கியளா, இல்லையாண்ணே?'ன்னு கேப்பா.

இதுல ஏரிப் பக்கமா வீடு வேணுமாம் உனக்கு! விளம்பரத்துல 'லேக் வியூ'ன்னு போட்டிருக்காம். நம்ம மாம்பலத்துலயும் லேக் வியூ ரோடு இருக்கு. போயி ஏரியைத் தேடிப் பாரு. நம்ம தி.நகரே ஏரிமேல எந்திரிச்ச ஊருல்லா. 1920-கள்ல அந்தப் பெரிய ஏரியைத் தூத்து மனை போட்டாங்க, தியாகராய செட்டியார் பேரை வச்சாங்க. ஏரி போச்சு, போர்டு நிக்கி. பெங்களூர்ல ஏரி நெசமாவே இருக்கு, அதை நான் மறுக்கலை. 2017-ல பெல்லந்தூர் ஏரி தீப்பிடிச்சு எரிஞ்சுது. தண்ணி எரியுத ஊர்ல பால்கனி எதுக்குல?

தண்ணின்னு பேச்சு வந்தாச்சு. 2019-ல சென்னைல ஏரியெல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துது. அம்பது வேகன், இருபத்தஞ்சு லட்சம் லிட்டர். அன்னைக்குப் பெங்களூர்க்காரன் நம்மளைப் பாத்துச் சிரிச்சான். 2024 மார்ச்சுல அவன் போர்வெல் வறண்டுது. குடிதண்ணில கார் கழுவினா அஞ்சாயிரம் அபராதம்னு உத்தரவு போட்டாங்க. அந்த ஊரு கடல் மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேல ஒக்காந்திருக்கு. காவேரித் தண்ணியை நூறு கிலோமீட்டர் தூரத்துல இருந்து மேட்டுக்கு ஏத்தணும். நீ புகழுத குளுகுளு காத்தும் அந்த மேட்டாலதான், குழாய் காயுததும் அந்த மேட்டாலதான். நம்ம ஊரு மட்டும் யோக்கியமான்னு கேக்காத. 2015 டிசம்பர்ல அடையாறு கோட்டூர்புரத்துலயும் சைதாப்பேட்டைலயும் வீட்டுக்குள்ளயே வந்து நின்னுது. காயவும் தெரியும், முக்கவும் தெரியும் நமக்கு.

ஹைதராபாத்துக்குப் பிரியாணியாம் காரணம். திருவல்லிக்கேணிக்கு நடந்து போயிருக்கியா நீ? குருகிராமா? கார்த்திகை மாசத்துல அங்க புகை மூடி, பள்ளிக்கூடத்தையே சாத்துதான். அங்கன எதுக்குல போற, மூச்சுப் பயிற்சிக்கா?

இப்ப நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. ஆபீஸ் எந்தத் தெருவுல? வீடு எந்தச் சந்துல? மயிலாப்பூர்ல இருக்கவன் அடையாறு பாலத்தைத் தாண்டினாலே வெளியூர் போயிட்டு வந்த மாதிரி பெருமூச்சு விடுதான். அவனே சிறுசேரிக்கு வேலைக்குப் போனா, ராத்திரி வீடு திரும்பினவன் பேச்சே எடுக்க மாட்டான். ஒரே ஊருதான, ஏன் பேச மாட்டேங்கான்? பெங்களூர்ல வொயிட்ஃபீல்டுல வேலையும் ஜெயநகர்ல வீடும் வச்சுக்கிட்டு, 'பெங்களூர்ல இருக்கேன்'னு சொல்லுவியா? ரோட்டுல இருக்கேன்னு சொல்லு.

வீடு பாக்கப் போனா சாயங்காலம் ஏழு மணிக்குப் போ. மழை நாளாப் பாத்துப் போ. புரோக்கர் பேசட்டும், நீ தலையை மட்டும் ஆட்டு. பொறவு பையக் கீழ இறங்கி வந்து, வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து, 'வாரத்துக்கு எத்தனை லாரித் தண்ணி வருது அண்ணே?'ன்னு கேளு. மொட்டை மாடில எவ்வளவு துணி காயுதுன்னு பாரு. ராத்திரி காய்ச்சல்ல படுத்தா, கஞ்சி கொண்டாந்து குடுக்க அந்த ஊர்ல யாரு இருக்கா? இதுக்கெல்லாம் உன் பட்டியல்ல வரியே இல்லையே. கோரமங்கலாக்காரி வருவாளா? வருவான்னா கேள்வியே இல்ல, இன்னைக்கே டிக்கெட்டப் போடு.

போற அன்னைக்கு மாடி ரூம் சாவியை ஆச்சிகிட்ட குடுத்துட்டுப் போ. அங்கன உன்கிட்ட எத்தனை மாச அட்வான்ஸ் கேப்பாங்களோ! இங்க 2017-ல போட்ட வாடகைச் சட்டம் மூணு மாசம்னு சொல்லுது, நான் சட்டத்தை மீறுத ஆளு கெடையாது. ரெண்டு பேரு வந்து ரூமைப் பாத்துட்டுப் போயாச்சு. அதுல ஒருத்தன் பெங்களூர்ல இருந்து வாறானாம். என்னப்பா விசயம்னு கேட்டேன். அங்கத்துக் குளிரு ஒத்துக்கலையாம்.