எழுத்துநடைக் கையேட்டோடு பிணங்குவோர் வகைப்பாடு: ஏகாரத்தின் தலைக்கோட்டை முன்வைத்து

ஒரு நிறுவனம் எழுத்துநடைக் கையேடு வகுத்த மறுநாளே அதற்கு எதிர்க்கட்சி பிறந்துவிடுகிறது. அக்கட்சியினர் நால்வகைப்படுவர்.

1. முணுமுணுப்போர். சம்பளத் தேதியன்று குணமாகிவிடுவர்.

2. தலையாட்டிவிட்டு, அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுவோர். ஆராய்ந்தால் மாட்டிக்கொள்வர், விட்டுவிடுவோம்.

3. காதில் வாங்காதோர். 2001இல் ஊர் கொல்கத்தா ஆயிற்று. உயர்நீதிமன்றம் இன்றும் கல்கத்தா உயர்நீதிமன்றமே.

4. கோட்டுப் போராளிகள். இவர்களே நம் ஆய்வுப்பொருள். இவர்களது திருத்தலம் கொல்கத்தாவின் அலிப்பூர்.

அங்கே பெல்வெடியர் மாளிகையில் 1953இல் வாசகர்களுக்குத் திறந்த தேசிய நூலகத்தின் பெயரால், இந்திய மொழிகளை ரோமன் எழுத்தில் எழுதும் முறை ஒன்று வழங்குகிறது. சமஸ்கிருத அறிஞர்களின் ரோமன் முறையில் ஏ, ஓ ஒலிகளுக்கு, எழுத்தின் தலைமேல் இட்டு நெடிலைக் காட்டும் தலைக்கோடு கிடையாது. அம்மொழியில் அவற்றுக்குக் குறிலே இல்லை. பிறகு கோடு எதற்கு? தமிழை அப்படி எழுதினாலோ 'கெடு'வும் 'கேடு'ம் ஒன்றாகிவிடும். அலுவலகத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பது மெய்யே (பக்க வடிவமைப்பாளர், நள்ளிரவுப் பெருமூச்சு, முதற் பதிப்பு). ஆயினும் நூலட்டையில் அப்படி விட முடியாதே! அலிப்பூர் முறை நெடிலுக்குக் கோடு போட்டு இரண்டையும் பிரித்தது.

இத்துடன் அடங்குவார்களா போராளிகள்? தொல்காப்பியம் புள்ளி வைக்கச் சொன்னது குறிலுக்கு. வீரமாமுனிவர் அடையாளம் தந்தது நெடிலுக்கு. ஆகவே கோடு யாருக்கு உரியது? குறிலுக்கே என்பது ஒரு சாரார் கட்சி (தலைமைப் பிழைதிருத்துநர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்த பார்வை, தொகுதி இரண்டு, திருத்திய பதிப்பு). நெடிலுக்கே என்பது மறுப்பு (உதவி ஆசிரியர், மேசைமேல் பென்சில் தட்டல், உரையுடன்). மறுப்புக்கு மறுப்பு: "சார், டீ ஆறுது" (தேநீர் தருபவர், வாய்மொழி மரபு, மூலச்சுவடியைக் கரையான் தின்றது, எஞ்சிய பகுதியில் வடை மடிக்கப்பட்டிருந்ததால் எண்ணெய்ப் பாடபேதங்கள் மிகுதி). இம்மூன்றாம் கருத்தே வலுவானதென ஆய்வாளர் கருதுகிறார்.

இங்கொரு புதிர். இக்கோட்டுக்காகப் பக்கம் பக்கமாக அடிக்குறிப்பு எழுதும் பேராசிரியப் பெருமக்கள், தம் விசிட்டிங் கார்டில் மட்டும் பெயரைக் கோடில்லாமலே அச்சிடுகிறார்கள். நெடில் கெட்டாலும் வங்கிக் கணக்கோடு பெயர் ஒத்துப்போக வேண்டும் என்பது புறனடை போலும்.

முடிவுரை: கையேட்டோடு பிணங்குபவர் தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு போனால் ஆசிரியரும் நன்னூலைத் தூக்குவார். மோதிக்கொள்ளும் இரண்டு சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதி நீட்டுவது நலம். அதையும் கெடுவுக்கு முன்பே நீட்ட வேண்டும், பிந்தினால் கேடு.